ஆர்லினை மூன்று தரம் கேட்க வேண்டும்

என் புருஷன் ஆர்லின் ட்வைட்டுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் மூன்று தரம் கேட்க வேண்டும். முதல் தரம் "ஐயோ, வேணாம் வேணாம்" என்பான். இரண்டாம் தரம் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பான். மூன்றாம் தரம்தான் "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று கையை நீட்டுவான். காபிக்கும் அப்படித்தான், கேக்குக்கும் அப்படித்தான். ஒரு தரம் பல் பிடுங்கப் போனபோது, மரத்துப்போக ஊசி போடட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். அந்த டாக்டர் ஊருக்குப் புதிது. ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தபோது ஆர்லினின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நல்ல டாக்டர்தான், கொஞ்சம் அவசரக்காரர்" என்று மட்டும் சொன்னான்.

இவன் மட்டும்தான் இப்படியா என்றால், வடக்கு மினசோட்டாவில் எங்கள் ஊர் முழுக்க இப்படித்தான். நான் அந்த ஊர்க்காரி இல்லை. நியூவார்க்கில் பிறந்தவள், இத்தாலிக்காரக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். தட்டில் கடைசியாக ஒரு இறைச்சி உருண்டை கிடந்து, யாராவது அதை வேண்டாம் என்று சொன்னால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கேட்பதற்கு முன்னால் எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். என் புறங்கையில் இன்றைக்கும் ஒரு முள்கரண்டித் தழும்பு இருக்கிறது. அது என் அண்ணன் வின்னி கொடுத்தது.

ஆர்லின் என்னை முதன்முதலாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போன நாளில் மாமியார் போர்கில்ட் வாசலிலேயே கேட்டாள்: "காபி குடிக்கிறியாம்மா?"

"கொண்டாங்க! கேக் இருந்தா அதுவும் வைங்க" என்றேன்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்தன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் எழுந்து போய் ஜன்னல் வழியாக மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார். கேக் வந்தது, நான் தின்றேன், நல்ல கேக். முதல் தரம் கேட்டதுமே சரி என்று சொன்ன பெண் என்று அந்தக் கதையை இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆர்லின் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் நான் உடனே சரி என்றுதான் சொன்னேன். அவன் வெலவெலத்துப் போனான். "இல்ல, நீ யோசிச்சுச் சொல்லு" என்று போய்விட்டு, மறுநாள் வந்து மறுபடி கேட்டான். அதற்கும் மறுநாள் மறுபடி. மூன்றாம் நாள்தான் அவன் முகம் தெளிந்தது. கிறுக்கனைக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் சில விஷயங்களை நினைத்தால் வயிறு எரியும். ஆர்லின் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டினான். அவனை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது. ஒஹாயோவிலிருந்து புதிதாக வந்த அதிகாரி அவனைக் கூப்பிட்டு, "ஆர்லின், நீங்க சூப்பர்வைசரா வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவன், "ஐயோ வேணாம் சார், என்னைவிட நல்லவங்க இருக்காங்க" என்றிருக்கிறான். அந்த மனுஷர் அதை நம்பிவிட்டார். வேலை கெய்லார்ட் ஸ்கார் என்பவனுக்குப் போனது. அவன் முதல் பனிக்கே தேவாலயச் சாலையில் இருந்த தபால் பெட்டிகளையெல்லாம் வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனான். அந்தக் கம்பங்களை நட்டு நிறுத்தியது யார்? என் புருஷன். அதற்கு மட்டும் யாரும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, இவனாகவே போனான்.

ஆர்லின் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். லாரியில் ஓட்டுநர் தலைக்கு மேல் வெயில் மறைக்கும் தட்டு இருக்குமே, அதில் ஒரு படம் செருகி வைத்திருந்தான். பழைய பத்திரிகையிலிருந்து வெட்டியது. அறுபத்தைந்தாம் வருஷத்து ராம்ப்ளர் கார், வெளிர் பச்சை, மேல்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை ஹீட்டர் காற்று மூஞ்சியில் அடிக்க, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வெள்ளையைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனுஷன், நடுநடுவே அந்தத் தட்டை இறக்கிப் பார்த்துக்கொள்வான்.

"அதுல அப்படி என்னடா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேல பாரு, கான்னி. தலைக்கு மேல ஒண்ணுமே இல்ல." படத்தைத் திரும்பச் செருகிக்கொண்டே, "மோசமில்ல" என்றான்.

எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னான்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஜனவரியில், குளிருக்குத் தப்பி எங்கேயாவது போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எனக்கு வேண்டியது ஒரு நீச்சல் குளம், பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி, அவ்வளவுதான். ஆர்லின் ஒரு வாரம் எதையோ மென்று முழுங்கிக்கொண்டே திரிந்தான். கடைசியில் பாத்திரம் துடைக்கும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அரிசோனாவுல, ஸ்காட்ஸ்டேல்ல, பழைய கார் ஏலம் நடக்குதாம். பெருசா. நீச்சல் குளமும் இருக்கும். ஒரு ராம்ப்ளர் வருதாம். உனக்கு வேணாம்னா வேணாம்."

"என்ன நிறம்?"

"பச்சை" என்று தட்டைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த தட்டு.

"வேணும்னு வாயத் தொறந்து சொல்லேன்டா!"

"போய்ப் பார்த்தா மோசமா இருக்காது" என்றான். சரி, இதற்கு மேல் இவன் வாயிலிருந்து வராது என்று அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ஏலம் என்றால் கையைத் தூக்க வேண்டும், விட்டுக்கொடுக்கக் கூடாது. இவனை நம்பி எப்படிப் போவது? அடுக்களையில் பயிற்சி ஆரம்பித்தேன். நான் மரக்கரண்டியால் பாத்திர மூடியைத் தட்டி ஏலம் விடுவேன். அவன் ஈ அடிக்கும் மட்டையை நம்பர் அட்டை மாதிரித் தூக்க வேண்டும். முதல் நாள் கை மார்புக்கு மேல் வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் ரொட்டி சுடும் பெட்டியையே பதினோராயிரம் டாலருக்கு ஏலம் எடுத்துவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. பூனையை ஏலம் விட்டபோது மட்டும் கை தூக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்தப் பூனைமேல் ஆசையாம், அவள் எடுத்துக்கொள்ளட்டுமாம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பதினெட்டாயிரம் வரைக்கும் போகலாம் என்று இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டு விமானம் ஏறினோம்.

ஊரில் மூக்கு முடி உறைகிற குளிர். ஸ்காட்ஸ்டேலில் இறங்கினால் பனைமரமும் வெயிலும். நான் நீச்சல் குளத்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி, மறுநாள் காலையிலேயே ஏலக் கூடாரத்துக்குக் கிளம்பிவிட்டோம். அது கூடாரமா அது? எங்கள் ஊரையே தேவாலயத்தோடு சேர்த்து உள்ளே வைத்து ஜிப் போட்டு மூடிவிடலாம். கண்ட பக்கமெல்லாம் கார், காருக்குப் பக்கத்தில் தொந்தி, தொந்திக்கு மேல் கழுத்தில் தொங்குகிற அட்டை. ஒரு மில்லியன் டாலர் காரின் மூடியைத் திறந்து வைத்து, ஏழெட்டு ஆம்பிளைகள் குனிந்து, தொட்டிலில் குழந்தை பார்க்கிற மாதிரி இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லின் எல்லாருக்கும் தலையாட்டி வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தான். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

கூடாரத்துக்கு வெளியே எண்ணெய்க் கம்பெனிக் கடை ஒன்றில் ஒரு பெண் இலவசமாகத் தொப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். "தொப்பி வேணுமா சார்?"

"ஐயோ, வேணாம் வேணாம்" என்றான் ஆர்லின்.

அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். இவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் வழுக்கையில் வெயில் பளபளத்தது.

"அவ போயிட்டாடா" என்றேன்.

"திரும்பி வருவா."

"வர மாட்டா. இது நம்ம ஊர் இல்ல."

"கூட்டமா இருக்குல்ல, அதான்" என்று அவளுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தான்.

ராம்ப்ளர் மத்தியானத்துக்கு மேல் மேடைக்கு வந்தது. லட்சக்கணக்கில் போன கார்களுக்கு நடுவே அது ஒரு ஏழை வீட்டுப் பெண் மாதிரி, ஆனால் சுத்தமாக, கூரையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றது. ஆர்லின் என் முழங்கையைப் பிடித்தான். பொது இடத்தில் என்னைத் தொடுகிற ஆளே இல்லை அவன்.

நான் அப்போதுதான் ஒரு முழு வான்கோழிக் கால் வாங்கியிருந்தேன். ஒரு கையில் கால், மறு கையில் எலுமிச்சை ஜூஸ். இதைச் சொல்லி வைத்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

ஏலம் ஆரம்பித்தது. மேடையில் ஒருத்தர் மூச்சுவிடாமல் விலை சொல்லிக்கொண்டே போனார். கீழே கூட்டத்துக்குள் தொப்பி வைத்த ஏலக் கம்பெனி ஆட்கள் ஓடி ஓடி, யார் கை தூக்குகிறார்கள் என்று கண்டுபிடித்துக் கத்தினார்கள். பத்தாயிரம் என்றதும் ஆர்லினின் கை எழுந்தது பாருங்கள், சத்தியமாக எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அடுக்களைப் பயிற்சி வீண்போகவில்லை. எதிர்ப்பக்கம் பெரிய தொப்பி போட்ட டெக்சாஸ்காரர் ஒருத்தர் பதினொன்று என்றார். இவன் பன்னிரண்டு. அவர் பதின்மூன்று. இவன் பதினான்கு. அவர் பதினைந்து. மற்றவர்களெல்லாம் கழன்றுகொண்டார்கள். நான் ஆசையாக வான்கோழியை ஒரு கடி கடித்தேன், பெரிய கடி.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பக்கத்துத் தொப்பிக்காரன் ஓடி வந்து, ஆர்லின் தோளில் கை போட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"சார், பதினாறு! ஒரே ஒரு ஆயிரம்தான் சார்! போட்டுடலாமா?"

அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. மேடையிலிருந்து பொதுவாகக் கேட்டால் கை தூக்க இவனுக்குப் பழக்கிவிட்டேன். ஆனால் ஒரு மனுஷன் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, சிரித்த முகமாகக் கேட்டால்? அது ஏலமா? அது உபசாரம்! அதற்கு நான் பயிற்சி கொடுக்கவில்லையே! ஆர்லின் முகத்தில் காபி நேரத்துச் சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும்.

"ஐயோ, வேணாம் வேணாம்" என்றான். "அவர் ஆசைப்படறார் போல."

"ம்ம்ம்!" என்றேன் நான். வாய் நிறைய வான்கோழி.

"சார், இது உங்க வண்டி சார்! விட்டுடாதீங்க! பதினாறு!"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான் என் புருஷன்.

"ம்ம்ம்! ம்ம்ம்ம்ம்!" நான் வான்கோழிக் காலைத் தூக்கி ஆட்டினேன். பக்கத்து வரிசைக்காரர் சட்டையில் கொழுப்பு தெறித்தது. எலும்பை ஆட்டினால் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் போலிருக்கிறது.

மேடையில், "பதினஞ்சு ஒரு தரம்… பதினஞ்சு ரெண்டு தரம்…" என்று சத்தம் கேட்டது. ஆர்லின் நிம்மதியாகத் தலையாட்டினான். அவன் மனசுக்குள் எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. தொப்பிக்காரன் ஒரு நொடி இவன் முகத்தைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டிவிட்டான். டொக் என்று சுத்தி விழுந்தது. பச்சை ராம்ப்ளரை மேடையிலிருந்து தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆர்லின் இன்னும் தொப்பிக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்பர் அட்டை பாதி தூக்கிய நிலையில் இருந்தது.

"இன்னும் ஒரு தடவ கேப்பான்னு நெனச்சேன்" என்றான்.

நான் ஒருவழியாக முழுங்கினேன். முழுங்கிவிட்டுக் கத்தினேன் பாருங்கள், நியூவார்க்கிலிருக்கிற என் அண்ணனுக்கே கேட்டிருக்கும்.

"பதினெட்டு வரைக்கும் போலாம்னு பேசினோமா இல்லையா?"

"பேசினோம்."

"அப்ப ஏன்டா வேணாம்னு சொன்னே?"

"நான் எங்க வேணாம்னு சொன்னேன்? வேணாம் வேணாம்னுல்ல சொன்னேன்."

மாதாவே, நீயே சொல்லு.

"போனாப் போகுது, கான்னி. அந்த ஆளுக்கும் ஆசையாத்தானே இருக்கும். நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த வேகத்தில் இரண்டு மடங்காகத் திரும்பியும் வந்தது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பனி தள்ளினவனுக்கு, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் ஒரு தரம் வண்டி ஓட்டக் கொடுத்துவைக்கவில்லையே.

"ஒரு தடவ கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். பார்த்தா மட்டும் போதும்" என்றான்.

விற்ற கார்களைக் கூடாரத்துக்குப் பின்னால் திறந்த வெளியில் நிறுத்தியிருந்தார்கள். ராம்ப்ளர் பக்கத்தில் அந்த டெக்சாஸ்காரர் நின்றிருந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பெல்ட் பக்கிள், காதுவரைக்கும் மீசை. அவருடைய லாரிக்காரன் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான்.

"ஆறு காருக்குத்தான் எடம்னு சொன்னேனா இல்லையா? ஏழு வாங்கியிருக்கீங்க! இத என் மடியிலயா வெச்சு ஓட்டுவேன்?"

டெக்சாஸ்காரர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்து கையைக் குலுக்கினார். பெயர் ராய்ஸ் டனவே என்றார். "தலைவரே! எங்கூட மோதினது நீங்கதானே? கை அரிப்புத் தாங்காம வாங்கிட்டேன், இப்ப ஏத்த எடமில்ல. நான் குடுத்த வெலையக் குடுங்க போதும். எடுத்துக்கறீங்களா?"

ஆண்டவரே இறங்கி வந்து கேட்டால்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்க மாட்டார்.

"ஐயோ, வேணாம் வேணாம்" என்றான் ஆர்லின். "நீங்க நியாயமா ஜெயிச்சது."

"சரி தலைவரே" என்று தொப்பியைத் தொட்டுவிட்டு ராய்ஸ் நடையைக் கட்டினார். அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்.

நான் ஓடினேன். எனக்கு ஒரு முட்டி போன வருஷமே போய்விட்டது, இருந்தாலும் ஓடி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "ஐயா, போகாதீங்க! திரும்பி வந்து இன்னொரு தடவ கேளுங்க!"

"அவர்தான் வேணாம்னுட்டாரேம்மா."

"அது மொத வேணாம்! எங்க ஊர்ல ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டு, மூணாவது தடவதான் வாங்கிப்பாங்க. ஒடனே வாங்கினா பேராசைன்னு நெனச்சுப்பாங்களாம். அந்த மனுஷன் ராத்திரி தூக்கத்துல அந்தக் கார் பேரச் சொல்லிட்டுக் கெடக்கறான்யா!"

"ரெண்டாவது தடவ என்ன சொல்லுவாரு?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு."

"மூணாவது?"

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால."

ராய்ஸ் மீசையைத் தடவினார். "எங்க ஊர்ல இப்படி இருந்தா ஒரு மாடுகூட வித்திருக்க மாட்டோம்" என்று முணுமுணுத்தபடி வந்து ஆர்லின் முன்னால் நின்றார். "தலைவரே, நெஜமாத்தான் சொல்றேன். எடுத்துக்கறீங்களா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான் ஆர்லின். "பேரு மாத்தணும், ஆபீஸுக்கு அலையணும்…"

ராய்ஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அந்த நேரம் பார்த்து லாரிக்காரன் கத்தினான்: "ஏத்தறதா வேணாமா? வேற எதையாவது எறக்கி எடம் பண்ணணும்னா இப்பவே சொல்லுங்க!"

"எடம் பண்ணு, வரேன்" என்றார் ராய்ஸ். என் பக்கம் திரும்பினார். "அம்மா, என் பொண்டாட்டியவே நான் ஒரு தடவதான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டாச்சு, இதுக்கு மேல என்னால ஆகாது." சொல்லிவிட்டு லாரியைப் பார்த்து நடந்தார்.

ஆர்லின் என்னைப் பார்த்தான். நான் ஓடுவேன் என்று காத்திருந்தான்.

"நான் ஓட மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது, கத்தக்கூட இல்லை. "எனக்கு முட்டி வலிக்குது. இத்தன வருஷமா உனக்காக ஊரெல்லாம் ஓடி ஓடி மூணாவது தடவையக் கேக்க வெச்சவ நான்தான். இன்னிக்கு முடியாது. உனக்கு வேணும்னா நீ போய்க் கேளு. வேணாம்னா வா, நான் போய்க் குளத்துல கால நனைக்கறேன்."

ஆர்லின் ராம்ப்ளரைப் பார்த்தான். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தான். அதற்கு மேலே பார்த்தான். மேலே ஒன்றுமே இல்லை, வானம்தான் இருந்தது.

பிறகு ஓடினான். என் புருஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை, ஒரே ஒரு தரம் தேனீ துரத்தியபோது தவிர. இரண்டு கையையும் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு, கழுத்தில் தொங்கின அட்டை ஊஞ்சலாட ஓடி, டெக்சாஸ்காரர் முன்னால் போய் நின்றான்.

"எனக்கு அந்தக் கார் வேணும்!" என்று கத்தினான். லாரிக்காரன் கையிலிருந்த சங்கிலியைக் கீழே போட்டுவிட்டான்.

ராய்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "ஐயோ, வேணாம் வேணாம்" என்றார். "நானே வெச்சுக்கறேன்."

"யோவ்!" என்று முட்டியை மறந்து ஓடினேன். வாழ்க்கையிலேயே முதல் தரம் இவன் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்கிறான், அதற்குப் பதில் இதுவா? ஆனால் ஆர்லின் முகத்தைப் பார்த்தால், அதில் கவலையின் சாயலே இல்லை. தேவாலயத்துக் காபி மேஜையில் நிற்கிற மாதிரி அமைதி.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றான் தன்மையாக. "குடுத்தீங்கன்னா எங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார் ராய்ஸ்.

நான் ஆர்லின் கையைப் பிடித்து இழுத்தேன். "மாட்டேங்கறான்டா அந்த ஆளு! வெலைய ஏத்திச் சொல்லு!"

"இரு கான்னி" என்றான் ஆர்லின். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு." அவர் பக்கம் திரும்பினான். "தயவுபண்ணிக் குடுங்க. உங்க ஞாபகமா வெச்சுக்கறோம்."

ராய்ஸ் தாடையைச் சொறிந்தார். வானத்தைப் பார்த்தார். பாவி மனுஷன், எவ்வளவு நேரம்! அப்புறம் மீசைக்கடியில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று சாவியை ஆர்லின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மினசோட்டாப் பழக்கம் பிடிபட எனக்கு வருஷக்கணக்கானது, அவருக்கு ஒரு முட்டி போன கிழவி இழுத்து வைத்துச் சொன்னதே போதுமாக இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். லாரிக்காரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், மறு பேச்சு பேசாமல் வாங்கிக் குடித்தேன்.

பணம் கட்டி, பெயர் மாற்றி எல்லாம் முடிந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆர்லின் ராம்ப்ளரைச் சுற்றி வந்தான். கைக்குட்டையால் பக்கக் கண்ணாடியைத் துடைத்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கான்னி, நீ ஓட்டறியா?"

எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஓட்ட வேண்டும் என்று உள்ளங்கையெல்லாம் துடித்தது. இருபுறமும் பனைமரம், நடுவில் காலியான சாலை, ஆரஞ்சு வெயில், பச்சை வண்டி. எந்தப் பைத்தியக்காரி மாட்டேன் என்பாள்? என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயோ, வேணாம் வேணாம்" என்றேன். "நீயே ஓட்டு."

சொன்னது என் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானா? நியூவார்க்கில் பிறந்த நானா?

"சரி" என்றான் ஆர்லின். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

ஒரே ஒரு தரம்! நான் வாயைப் பிளந்தபடி மறு பக்கம் ஏறி உட்கார்ந்தேன். வண்டி சாலைக்கு வந்தது. அவன் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்று ஆடின. இத்தனை வருஷத்தில் அவன் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே கொதித்துக்கொண்டும் இருந்தது.

"என்னடா இது? ஒரே ஒரு தடவதான் கேப்பியா?"

"நியூவார்க்குக்காரி வேணாம்னா வேணாம்தானே?" என்றான் சாலையைப் பார்த்தபடி.

"ஓஹோ! அவ்வளவு தூரம் ஆயிடுச்சா?"

பனைமரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி மெதுவாகி, ஓரமாக ஒதுங்கி, நின்றது.

"சரி" என்று என் பக்கம் திரும்பினான். "ரெண்டாவது தடவ கேக்கறேன். கான்னி, நீ…"

"எறங்குடா" என்றேன்.